தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ், வீட்டு அடுப்பில்

சோயா சாஸ், வினிகர், வெள்ளை மிளகுத்தூள், பாசுமதி என்று எல்லாம் வாங்கி வைத்து, குடைமிளகாயும் கேரட்டும் பொடியாக நறுக்கிப் போட்டும், தட்டில் விழுவது நிறம் மாறிய காய்கறி சாதமாகவே இருக்கிறது. தெருமுனை வண்டிக்காரரிடம் இருப்பதும் ஏறக்குறைய இதே சாமான்கள்தான். ஆனால் அவர் கட்டித்தரும் பார்சலைப் பிரிக்கும்போது வரும் அந்தப் புகைமணம் நம் அடுப்படியில் வருவதில்லை. காரணம் அடுப்பிலும், நாம் ஒரே தடவையில் சட்டியில் கொட்டும் அளவிலும் இருக்கிறது.

சாதத்திலும் காயிலும் இருக்கும் ஈரம் சட்டியில் பட்டதும் வெளியே வரும். தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வறுபட்ட வாசனையோ ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல்தான் வேகமாக உருவாகும். கடை அடுப்பு ஹை பிரஷர் ரெகுலேட்டரில் சீறிக்கொண்டு எரிவதால், வரும் ஈரம் வந்த வேகத்தில் ஆவியாகிப் போய்விடுகிறது. வீட்டுப் பர்னருக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதில் நாலு பேருக்கானதை ஒன்றாகக் கொட்டினால் சட்டி சட்டென்று குளிர்ந்து, அடியில் தண்ணீர் விட்டு, எல்லாம் அவிந்துபோகும். இதற்காக வீட்டுக்குள் ஹை பிரஷர் அடுப்பை வாங்கி வைக்க வேண்டாம். மூடிய சமையலறையில் அது ஆபத்து. சூட்டைக் கூட்ட முடியாத இடத்தில் அளவைக் குறைக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு தட்டு, மிஞ்சினால் ஒன்றரை. வண்டிக்காரரும் பெரும்பாலும் ஒரு பிளேட், இரண்டு பிளேட் என்றுதான் போடுகிறார், கவனித்துப் பாருங்கள்.

சட்டி இரும்பாக இருக்கட்டும். நான்ஸ்டிக் இதற்கு ஆகாது. 260 டிகிரிக்கு மேல் அதன் பூச்சு சிதைந்து புகை விடத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெரிய தீயில் காயவிட்டால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும்.

அடுத்தது சாதம். பாசுமதியை அரை மணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் உப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு வேகவிடுங்கள். நடுவில் இம்மியளவு கடினம் மிச்சம் இருக்கும்போதே வடித்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். வெந்த அரிசியின் மாவுச்சத்து ஆற ஆற இறுகும். மேல்புறத்து ஈரமும் காயும். அப்போதுதான் கரண்டி பட்டால் பருக்கை உடையாது, ஒன்றோடொன்று ஒட்டாது. முந்தின நாள் சாதம் நன்றாக வரும் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் அந்த முந்தின நாள் சாதம் இரவெல்லாம் மேடையில் இருந்ததாக இருக்கக் கூடாது. பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி கொதித்தாலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி வறுத்தாலும் அழியாது. பரப்பி ஆறவிட்ட சாதம் ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மறுநாள் தீர்த்துவிட வேண்டும்.

இனி வேலை ஐந்து நிமிஷம். எல்லாம் நறுக்கிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சட்டி காய்ந்த பிறகு தேடக் கூடாது. லேசாகப் புகை வரும்வரை சட்டியைக் காயவிட்டு எண்ணெய், உடனே முட்டை. அது பொங்கி வெந்ததும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பொடியாக நறுக்கிய பூண்டு, பிறகு பீன்ஸ், கேரட். கோஸ் கடைசியில்தான், அதுவும் கொஞ்சமாக. அது தண்ணீர் விடும் காய். சாதத்தைப் போட்டு, சட்டி முழுக்கப் பரப்பி, அரை நிமிஷம் கிளறாமல் விடுங்கள். இந்த அரை நிமிஷப் பொறுமையில்தான் அடிப்பருக்கை வறுபடுகிறது. சோயா சாஸ் ஒரு சின்னக் கரண்டி போதும். அதைச் சாதத்தின் மேல் ஊற்றாமல் சட்டியின் சூடான ஓரத்தில் விட்டால், சுர்ரென்று பொங்கி வாசனை எழும். வெள்ளை மிளகுத்தூள், வெங்காயத்தாள், இறக்கும்போது நாலு சொட்டு வினிகர். அடுத்த தட்டுக்குச் சட்டியைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அலுப்புதான். ஆனாலும் இதில் குறுக்குவழி கிடையாது.

அஜினமோட்டோ போடலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். 1908-இல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர், கடற்பாசிக் குழம்பின் ருசி எதனால் வருகிறது என்று தேடிப் பிரித்தெடுத்தது குளுட்டமேட். அதன் சோடிய உப்புதான் இந்தப் பொடி. அதே குளுட்டமேட் பழுத்த தக்காளியிலும் இயல்பாக இருக்கிறது. 1968-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஒரு வாசகர் கடிதத்திலிருந்து இதன்மேல் பயம் பரவியது. பிறகு நடந்த ஆய்வுகளில், சாப்பாட்டில் சேர்க்கும் சாதாரண அளவுக்கு அந்தப் பயம் உறுதிப்படவில்லை. இதில் சோடியம் சுமார் 12 சதவீதம், சாப்பாட்டு உப்பில் சுமார் 39. ஒரு தட்டுக்கு இரண்டு சிட்டிகை போட்டால் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மேலே சொன்ன சூடும் சாதமும் சரியாக இருந்தால் முக்கால் பங்கு ருசி வந்துவிடும்.

பொரிக்கிற பண்டங்களில் வண்டிக்காரரைவிட வீட்டில் சமைப்பவர்தான் ஜெயிப்பார். 1965-இல் சென்னை மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் பிறந்ததாகச் சொல்லப்படும் சிக்கன் 65-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பொரித்ததும் பார்சல் கட்டினால் அதன் ஆவியே அதை ஊறவைத்துவிடும். வீடு வந்து சேரும்போது மொறுமொறுப்பு போயிருக்கும். நம் அடுப்படியில் எண்ணெயிலிருந்து தட்டுக்கு நாலு அடிதான். எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்க வேண்டும், சட்டியில் இடைவெளி இருக்க வேண்டும். மேல்மாவில் சோளமாவுடன் கொஞ்சம் அரிசி மாவு சேர்த்தால் நேரம் தாங்கும். நிறத்துக்குக் கலர்பொடி எதற்கு? காஷ்மீரி மிளகாய்த்தூளே சிவக்கும்.

பரோட்டா கதை வேறு. அரைக் கிலோ மைதாவுக்கு ஏறக்குறைய 300 மில்லி தண்ணீர், உப்பு, சிட்டிகைச் சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய். பத்து பரோட்டா வரும். பிசைந்த மாவு இழுத்தால் சுருங்கிக்கொள்வது மைதாவின் குளூட்டன் செய்யும் வேலை. அதைத் தளர்த்துவது நேரம் மட்டும்தான். பிசைந்து ஒரு மணி நேரம், உருண்டை பிடித்து எண்ணெயில் மூழ்கினாற்போல் இன்னொரு மணி நேரம் விட்டால், கையாலேயே கண்ணாடிபோல் விரியும். மாஸ்டர் மாதிரி வீசத் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். மேடையில் எண்ணெய் தடவி மெல்லிசாக விரித்து, கத்தியால் நெருக்கமாகக் கீறி, இழைகளைச் சேர்த்து அள்ளிச் சுருட்டினால் அடுக்கு தானாக வரும். சுட்டெடுத்த கையோடு நாலைந்தை அடுக்கி, பக்கவாட்டில் இரண்டு கையாலும் தட்டுவதை மறந்துவிடாதீர்கள். அதைச் சூட்டில்தான் செய்ய முடியும். எண்ணெய்க்குக் கஞ்சம் பிடிக்கிறவர்கள் பரோட்டாப் பக்கமே போகாமல் சப்பாத்தி சுடுவது நல்லது.

சால்னாவைப் பொறுத்தவரை, கடையில் அது மாலை முழுக்க எலும்போடு கொதித்துக்கொண்டிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வீட்டில் கோழி எலும்பையோ ஆட்டு நெஞ்செலும்பையோ குக்கரில் நன்றாக வேகவைத்த தண்ணீரில், தேங்காய், சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் அந்தக் கனம் கிடைக்கும். இறக்கும்போது ரசத்தைவிடச் சற்றுக் கெட்டியாக இருந்தால் போதும், பொட்டுக்கடலை ஆற ஆற இறுக்கும்.

மீந்த பரோட்டா இருந்தால் மறுநாள் கொத்துப் பரோட்டா. அதற்குப் புதுப் பரோட்டாவைவிட ஆறி விறைத்ததுதான் ஏற்றது, பிய்த்தால் குழையாது. பெரிய தோசைக்கல் இல்லாதவர்கள் இரும்புச் சட்டியிலேயே வெங்காயம், பச்சைமிளகாய், முட்டை வதக்கி, பிய்த்த பரோட்டாவைப் போட்டு, எவர்சில்வர் டம்ளரின் வாயால் கொத்தலாம். சால்னாவை இரண்டு கரண்டிக்கு மேல் ஊற்ற வேண்டாம், மிச்சத்தைக் கிண்ணத்தில் தனியாகக் கொடுங்கள்.