விருப்பாட்சியில் வளர்ந்த மகள்

திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில் விருப்பாட்சி என்னும் சிற்றூர் உள்ளது. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர், கணவரையும் நாட்டையும் ஒருங்கே இழந்த தாய் ஒருவர், தம் மகளுடன் இவ்வூரில் அடைக்கலம் புகுந்தார். அத்தாய் சிவகங்கை அரசி வேலு நாச்சியார், மகள் வெள்ளச்சி.

1772-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கும்பினிப் படையும் காளையார்கோயிலைத் தாக்கின. மன்னர் முத்துவடுகநாதர் போரில் உயிர் துறந்தார். சிவகங்கை நவாபின் வசமாயிற்று. அதன் பெயரும் 'உசேன் நகர்' என மாற்றப்பெற்றது. அமைச்சர் தாண்டவராய பிள்ளையும் மருது உடன்பிறந்தாரும் துணைவர, அரசியார் மகளுடன் தப்பினார். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவர்களுக்குப் புகலிடம் அளித்தார். அக்காலத்தில் திண்டுக்கல் கோட்டை மைசூர் ஐதர் அலியின் ஆட்சியில் இருந்தது. ஆதலால், நவாபின் கை அங்கு எளிதில் எட்டவில்லை.

மன்னருக்கு ஆண்மகவு இல்லை. வெள்ளச்சியே அவருடைய வழித்தோன்றல். அவளுக்குத் தீங்கு நேரின் சிவகங்கையின் உரிமையும் அழியும். ஆகவே, மகளைக் காப்பதும் நாட்டைக் காப்பதும் அத்தாய்க்கு ஒரே கடமையாயின. வேலு நாச்சியாரும் சேதுபதி மன்னருக்கு ஒரே மகளாய்ப் பிறந்தவர். வாட்பயிற்சியும் குதிரையேற்றமும் பன்மொழிப் புலமையும் பெற்று வளர்ந்தவர். இளமையில் கற்றவை இப்போது துணைநின்றன. ஐதர் அலியைச் சந்தித்தபோது அரசியார் உருது மொழியிலேயே தம் நிலையை எடுத்துரைத்தார். ஐதரும் உதவ இசைந்தார்.

காத்திருந்த காலம் எட்டு ஆண்டுகள். அரண்மனையில் கழிய வேண்டிய மகளின் இளமை, அயலூரில் கழிந்தது. தந்தையை இழந்த அவளுக்குத் தாயே தந்தையும் ஆனார். துயரத்தில் சோர்ந்து அமராமல் படை திரட்டும் தாயையே அவள் நாள்தோறும் கண்டு வளர்ந்தாள். இதனினும் சிறந்த கல்வி வேறு உண்டோ?

1780-ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படையுதவியோடு வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். சிறுமியாய் ஊரை விட்டு நீங்கிய வெள்ளச்சி, அரசியின் மகளாய்த் தன் மண்ணுக்குத் திரும்பினாள்.

வேலு நாச்சியாரை வீரமங்கை என நாடு போற்றுகின்றது. அவ்வீரத்தின் வேர் தாயன்பிலும் ஊன்றியிருந்தது. பிள்ளையை அணைத்துக் காப்பது தாய்மை. அப்பிள்ளைக்கு உரியதை மீட்டுத் தருவதும் தாய்மையே ஆகும்.