பேரக் குழந்தையைக் காண நீதிமன்றத்தை நாடுவோர்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகன் நாகபுரியில் உத்தியோகம் பார்த்து வந்தான். மூன்று வயதுக் குழந்தையையும் மனைவியையும் விட்டு அகாலத்தில் மறைந்தான். மருமகள் சில ஆண்டுகளில் மறுமணம் செய்துகொண்டு புனேக்குக் குடிபோனாள். தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் பாட்டனாருக்கும் பாட்டிக்கும் குழந்தையின் குரல் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்டது. பிறகு மாதம் ஒருமுறை ஆயிற்று. பிறகு அதுவும் நின்றது. கோள் சொல்வாரும் குறை சொல்வாரும் இரு பக்கத்திலும் இருந்தனர். “கோர்ட்டுக்குப் போனால் பேரனைக் கண்ணில் காட்டச் சொல்வார்களா?” என்று முதியவர் கேட்கிறார்.

பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம் குடும்பங்களில் இக்கேள்வி எழுவது அரிதன்று. இதற்குச் சட்டம் தரும் விடையை ஒரே சொல்லில் கூற இயலாது. பிரான்சு நாட்டின் உரிமையியல் சட்டத்தில், பாட்டன் பாட்டியரோடு உறவு பேணும் உரிமை குழந்தைக்கு உண்டு என வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் அத்தகைய விதி இல்லை. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்திலும், இந்துக்களுக்குரிய 1956-ஆம் ஆண்டின் இளவர் காப்பாண்மைச் சட்டத்திலும், பேரனைச் சந்திக்கும் உரிமை என்றொரு பிரிவைத் தேடினால் அகப்படாது. எனினும் கதவு முற்றிலும் அடைபட்டதன்று. காப்பாளர் நியமனம் கோரிக் குழந்தையின் உறவினர் எவரும் மனுச் செய்யலாம் என 1890-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமோ, குழந்தையின் காப்பாண்மை, பாதுகாவல் ஆகியவற்றோடு குழந்தையை அணுகிக் காண்பது பற்றிய வழக்குகளையும் அந்நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வைத்திருக்கிறது. முதியோரின் கோரிக்கை இவ்வழியாகவே உள்ளே செல்கிறது.

உள்ளே சென்றபின் நீதிபதி நோக்குவது ஒன்றே: குழந்தையின் நலன். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அதனையே தலையாய கருத்தாக வைக்கிறது. இதை நன்கு உணராத காரணத்தால் பல மனுக்கள் வலுவிழக்கின்றன என்பது நம் கருத்து. “எங்கள் வம்சத்தின் வாரிசு”, “எங்கள் இரத்தம்” என்று பக்கம் பக்கமாக எழுதுவதில் பயன் சிறிதே. குழந்தை பிறந்தது முதல் யார் மடியில் வளர்ந்தது, எத்தனை விடுமுறைகள் கிராமத்தில் கழித்தது, எவர் உறங்கவைத்தார் என்பனவற்றை, படங்களோடும் பழைய கடிதங்களோடும் பள்ளிக்குக் கட்டிய கட்டண ரசீதுகளோடும் காட்டுவது மேல். மருமகளைப் பழித்து எழுதுவது பெருங்கேடு. தாயை வெறுப்பவரிடம் குழந்தையை ஒரு மணி நேரமேனும் விடுவது தகுமா என்ற ஐயம் நீதிபதிக்கு எழுந்துவிட்டால், பிறகு அதனை எளிதில் நீக்க முடியாது.

ஆந்திரத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2006-இல் தந்தை இறந்தபோது குழந்தைக்கு மூன்று மாதமும் நிறையவில்லை. மறு ஆண்டு தாய் மறுமணம் செய்துகொண்டார். தந்தைவழிப் பாட்டனும் பாட்டியும் தம்மைக் காப்பாளராக நியமிக்குமாறு மனுச் செய்தனர். விசாரணை நீதிமன்றம் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க மறுத்தது. ஆயினும் அவ்வப்போது சந்திக்க அவர்களுக்கு ஓரளவு அனுமதி தந்தது. உயர்நீதிமன்றம் அதற்குமேலும் சென்று, குழந்தையின் குடும்பப் பெயர் பற்றியும் தாய்க்கு ஆணை பிறப்பித்தது. தாய் உச்சநீதிமன்றம் சென்றார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே இரண்டாம் கணவர் குழந்தையைத் தத்தெடுத்துக்கொண்டார். 2022 ஜூலையில் உச்சநீதிமன்றம், பெயரைத் தீர்மானிக்கும் உரிமை தாய்க்கு உண்டு என்றும், பெரியவர்கள் கேளாத ஒன்றை உயர்நீதிமன்றம் அளித்தது முறையன்று என்றும் கூறி அவ்வாணையை நீக்கியது. கைக்குழந்தை அப்போது பதினாறு வயதைக் கடந்திருந்தது. வெற்றி தோல்வியைக் காட்டிலும் அந்த வயதே நம் மனத்தில் நிற்கிறது.

ஆதலால் காலத்தை வீணாக்கலாகாது. முதற்பிழை பெரும்பாலும் இடத்தில்தான் நேர்கிறது. தம் ஊர் வக்கீலிடம் சென்று தஞ்சையிலேயே மனுப் போட எண்ணுவது முதியோர்க்கு இயல்பு. ஆனால் காப்பாண்மை மனுவைக் குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே தொடுக்க வேண்டும் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு கூறுகிறது. நாம் சொன்ன குடும்பத்துக்கு அது புனே ஆகும். குடும்ப நீதிமன்றம் இல்லாத இடங்களில் மாவட்ட நீதிமன்றம் இதனை விசாரிக்கும். கோடை விடுமுறைக்குக் கிராமத்துக்கு வந்த குழந்தையை அங்கேயே நிறுத்திக்கொண்டால் கிராமம் வசிப்பிடமாகிவிடும் என்று சிலர் யோசனை கூறுவர். அதற்குச் செவிசாய்த்தல் ஆகாது. தாய் ஆட்கொணர்வு மனுவோடு வந்து நிற்பார். அன்றுவரை இருந்த நல்லெண்ணமும் போய்விடும்.

முக்கிய வழக்கு முடியுமட்டும் காத்திருக்க வேண்டுவதில்லை. 12-ஆம் பிரிவின் கீழ்க் குழந்தையைப் பற்றி இடைக்கால ஆணை பெற வழியுண்டு. கேட்பதைச் சிறிதாகக் கேட்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, நீதிமன்ற வளாகத்திலோ இரு சாராரும் ஒப்பிய இடத்திலோ இரண்டு மணி நேரம் என்பது போன்ற கோரிக்கைக்கு நீதிபதியின் மனம் எளிதில் இசையும். தொலைவில் இருப்போர் காணொளி அழைப்பையும் சேர்த்துக் கேட்கலாம். 2020-இல் உச்சநீதிமன்றம், நேரில் சந்திப்பதோடு தொலைபேசி, காணொளி வழியான தொடர்பும் குழந்தைக்கு வேண்டியதே என்று கூறியிருக்கிறது. அது பெற்றோரைக் குறித்துச் சொன்னதுதான். எனினும் அதே நியாயத்தைப் பாட்டனார் சார்பிலும் எடுத்துரைப்பதற்குத் தடையில்லை.

தாய் தந்தை இருவருமே இல்லாதபோது நிலைமை வேறு. கொள்ளை நோயில் பெற்றோரை இழந்த அகமதாபாதுச் சிறுவன் ஒருவனை, தாயின் சகோதரியிடமிருந்து தந்தையைப் பெற்றவர்களின் பாதுகாவலுக்கு 2022 ஜூனில் உச்சநீதிமன்றம் மாற்றியது. முதுமை ஒன்றே தகுதிக்குறைவு ஆகாது என்பது அத்தீர்ப்பால் விளங்கும்.

குடும்ப நீதிமன்றம் எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லாது. சமரசத்துக்கு முயல வேண்டுமென்பது அதன் சட்டக் கடமை. ஆலோசகர் முன்பு மருமகளும் மாமியாரும் எதிரெதிரே அமர்வர். அங்கே மாமியார் தமிழிலும் ஆலோசகர் மராத்தியிலும் பேச, நடுவே மருமகளே மொழிபெயர்க்க நேரிடுவது உண்டு. இரு மொழியும் அறிந்த பொதுவான ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம். தமிழில் உள்ள கடிதங்களையும் சான்றிதழ்களையும் முன்னரே மொழிபெயர்த்து வைத்திருக்க வேண்டும். பேரனும் இப்போது மராத்திதான் பேசுவான். “சாப்பிட்டாயா?” என்பதையேனும் பாட்டி அம்மொழியில் கற்றுக்கொண்டு போகலாம்.

வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்க இயலாதோர்க்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் உதவுகிறது. அதன்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. ஆகவே மனுவில் பாட்டியின் பெயரும் இருத்தல் வேண்டும். புனேயிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைய அலுவலகத்தில் அவரே நேரில் விண்ணப்பிக்கலாம். கிராமத்திலிருந்தே விசாரிக்க விரும்பினால் 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.