கருப்பொருள் வழியே ஆங்கில இலக்கியம்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு நாள். பிரான்சிலிருந்து என் அக்காள் மகள் வந்திருந்தாள். வீட்டில் எல்லோரும் முறுக்குச் சுற்றுவதிலும் குடில் அமைப்பதிலும் மும்முரமாக இருக்க, இவள் மட்டும் தாழ்வாரத்தில் அமர்ந்து ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு எதையோ கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். வட்டமான ஓர் ஓவியத்தின் அச்சுப்படி. அதன் அடியில் ஒரு கவிதை. அதற்கும் அடியில் செய்தித்தாள் கட்டுரை ஒன்று.

"என்னம்மா, ஓவியப் போட்டியா?" என்றேன்.

"இல்லை சித்தி, இங்கிலீஷ் பரீட்சைக்கு" என்றாள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கே இது புதுமையாக இருந்தது. உரைநடை, செய்யுள், நான்-டீடெயில், இலக்கணம் என்று நான்கு அறைகள் கொண்ட வீட்டில் வாழ்ந்து பழகியவள் நான். அந்த வீட்டில் ஓவியத்துக்கும் செய்தித்தாளுக்கும் இடம் ஏது? அன்று மாலை முழுவதும் அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைந்தேன். பிறகு நானாகவும் தேடிப் படித்தேன். அறிந்ததை நம் மாணவியரோடும், பெற்றோரோடும், அருட்சகோதரிகளோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிரான்ஸ் நாட்டில் மேல்நிலைப் பள்ளியை 'லிசே' என்பர். புதுச்சேரியோடு தொடர்புடையவர்களுக்கு இச்சொல் புதிதன்று. 1826-ல் அங்கே தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியை ஊரார் அப்பெயராலேயே அறிவர். லிசே படிப்பு மூன்று ஆண்டுகள். முடிவில் 'பக்கலோரேயா' என்னும் பொதுத்தேர்வு. முன்பெல்லாம் பொதுக் கல்வியில் இலக்கியம், பொருளியல்-சமூகவியல், அறிவியல் என மூன்று பிரிவுகள் இருந்தன. 2019-ல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் அந்தச் சுவர்களை எடுத்துவிட்டது. இரண்டாம் ஆண்டில் மாணவர் மூன்று சிறப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பர். இறுதியாண்டில் அவற்றுள் இரண்டை மட்டும் வைத்துக்கொள்வர். கணிதத்தோடு ஆங்கில இலக்கியம் படிக்க விரும்பும் பெண்ணை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. 'அயல்மொழி, இலக்கியம், பண்பாடு' என்பது அச்சிறப்புப் பாடங்களுள் ஒன்று. எல்லோருக்கும் உரிய பொது ஆங்கிலத்துக்கு மேலாக இதற்கு வாரத்தில் 4 மணி நேரம், இறுதியாண்டிலோ 6 மணி நேரம். இறுதித் தேர்வின் மொத்த மதிப்பை 100 பங்காகக் கொண்டால், இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் 16 பங்கு. "பொழுதுபோக்குப் பாடமோ?" என்று நினைக்கும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன்!

இப்பாடத்தில் நூற்றாண்டு வாரியான வரிசை கிடையாது. சாசரில் தொடங்கி, ஷேக்ஸ்பியரைக் கடந்து, வேர்ட்ஸ்வர்த் வழியாக இறங்கி வரும் பழைய படிக்கட்டு இல்லை. அதற்குப் பதில் கருப்பொருள்கள். இரண்டாம் ஆண்டில் இரண்டு: 'கற்பனை உலகங்கள்', 'சந்திப்புகள்'. இறுதியாண்டில் மூன்று: 'கலைகளும் கருத்து விவாதங்களும்', 'தன்னை வெளிப்படுத்துதலும் உருவாக்கிக்கொள்ளுதலும்', 'பயணங்கள், நிலப்பரப்புகள், எல்லைகள்'. ஒவ்வொன்றுக்கும் மூன்று கிளைகள் உண்டு. 'சந்திப்புகள்' என்பதன் கீழ் அன்பும் நட்பும், தனிமனிதரும் கூட்டமும், வேற்றுமையை எதிர்கொள்ளல் ஆகியவை வருகின்றன. இவற்றைத் தாங்கி நிற்பவை கதை, கவிதை, நாடகம் மட்டுமல்ல; ஓவியம், திரைப்படம், சொற்பொழிவு, கேலிச்சித்திரம், பத்திரிகைக் கட்டுரை எல்லாமே.

இதை ஆசிரியைகள் அறையில் சொன்னபோது எங்கள் தமிழாசிரியை சிரித்தார். "இதில் என்ன டீச்சர் புதுமை? ஐங்குறுநூற்றைத் திணைக்கு நூறு பாட்டாக, ஐந்து புலவர்கள் பாடி வைத்திருக்கிறார்களே!" என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

கருப்பொருள் என்பது தலைப்பு மட்டும்தானா? அப்படியானால் அதனால் பயன் அதிகமில்லை. ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு பல காலத்து நூல்களின் கதவைத் தட்டுவதே இதன் உயிர். 'கற்பனை உலகங்கள்' என்பதன் ஒரு கிளை, நல்லுலகக் கனவும் தீயுலக அச்சமும் பற்றியது. "குறையில்லாத நாடு ஒன்றை மனிதர் அமைக்க முடியுமா?" என்பது கேள்வி என்று வைத்துக்கொள்வோம். முதலில் நாம் தட்டும் கதவு நமக்குப் பழக்கமானவருடையது. ஆம், புனித தாமஸ் மூர்! மன்னரைவிட மனச்சாட்சியைப் பெரிதாகக் கருதி 1535-ல் தலை வெட்டுண்டவர். 1935-ல் புனிதராக உயர்த்தப்பட்டவர். அவர் 1516-ல் இலத்தீனில் எழுதிய நூலின் பெயர் 'யுடோப்பியா'. கிரேக்க மொழியில் 'எங்கும் இல்லாத இடம்' என்று பொருள்படும்படி அவரே ஆக்கிய சொல் அது. அந்தத் தீவில் தனிச் சொத்து இல்லை. தங்கத்துக்கு மதிப்பும் இல்லை. அதில் மலச்சட்டிகளும் அடிமைகளுக்கு விலங்குகளும் செய்கிறார்கள். வகுப்பில் இதைப் படித்ததும் ஒரு மாணவி எழுந்து, "குறையில்லாத நாட்டில் அடிமைகள் எப்படி வந்தார்கள்?" என்று கேட்டாளாம். பாருங்கள், கேள்வி உடனே கூர்மையாகிவிட்டது. யாருக்கு நல்ல நாடு?

அங்கிருந்து ஜோனத்தன் ஸ்விஃப்டிடம் போகிறார்கள். 1726-ல் வெளிவந்த கலிவரின் பயணங்களை நாம் குள்ளர் கதையாக மட்டும் அறிவோம். அதன் இறுதிப் பகுதியில் குதிரைகள் ஆளும் நாடு ஒன்று வருகிறது. அந்தக் குதிரைகளின் மொழியில் பொய் என்பதற்குச் சொல்லே கிடையாது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு, 1949-ல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைத் திறக்க வேண்டும். (ஆர்வெல் 1903-ல் பிறந்தது பீகாரிலுள்ள மோதிஹாரியில்.) அந்நாவலின் அரசாங்கம் அகராதியிலிருந்து சொற்களை ஆண்டுதோறும் வெட்டிக்கொண்டே போகிறது. சொல் இல்லாவிட்டால் எண்ணமும் எழாதல்லவா? ஓரிடத்தில் பொய் சொல்லச் சொல்லில்லை. மற்றோரிடத்தில் உண்மை சொல்லச் சொல்லில்லை. இரு நூல்களுக்கும் இடையே 223 ஆண்டுகள். வரிசைப்படி படித்திருந்தால் இவை இரண்டையும் ஒரே வாரத்தில் ஒரே மேசை மீது வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிட்டியிராது.

இன்னொரு சான்று எனக்கு மிகவும் பிடித்தது. சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' 1847-ல் வந்தது. அக்கதையில் மாளிகையின் மேல்மாடத்தில் அடைத்து வைக்கப்பட்ட மனைவி ஒருத்தி இருக்கிறாள். மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்தவள். சிரிப்பாள், உறுமுவாள், தீ வைப்பாள். ஆனால் தன் கதையைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு ஓர் அத்தியாயம் கூட இல்லை. டொமினிக்கா தீவில் 1890-ல் பிறந்து அங்கே கான்வென்டில் படித்த ஜீன் ரிஸ் என்ற எழுத்தாளருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. 1966-ல் 'வைட் சார்கஸோ சீ' என்ற நாவலில் அந்தப் பெண்ணுக்கு ஓர் இளமைப் பருவத்தையும், ஓர் ஊரையும், பேச ஒரு குரலையும் கொடுத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த பிறகு மேல்மாடத்துக் கதவை முன்போல் கடந்து போக முடியவில்லை. நான் பலமுறை கற்பித்த நூல் அது. ஒருமுறை கூட அவளுக்காக நான் நின்றதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. கேள்வி முன்னே வந்துவிட்டால் நூல் அதற்கு வெறும் உதாரணமாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. "இது அகதி பற்றிய கவிதை" என்று பெட்டியில் போட்டு மூடிவிட்டால், அதன் ஓசை, கேலி, தயக்கம் எல்லாம் பெட்டிக்கு வெளியே நின்றுவிடும். காலவரிசையும் குழம்புகிறது. என் அக்காள் மகள் ஸ்விஃப்டை டிக்கன்ஸுக்குப் பிந்தியவர் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்! நான் சும்மா விடுவேனா? ஒரு தாளில் கோடு போட்டு, அவள் படித்த நூல்களையெல்லாம் ஆண்டு வாரியாகக் குறித்துச் சுவரில் ஒட்டச் செய்தேன். கருப்பொருளும் வேண்டும், சுவரில் கோடும் வேண்டும் என்பதே என் கட்சி. துண்டு துண்டாகப் படிப்பதற்கு மாற்றாக, முழு நூல்கள் சிலவற்றையும் படித்தே ஆக வேண்டும் என்று அப்பாடத்திட்டம் வைத்திருப்பது ஆறுதல்.

தேர்வு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தேர்வு மூன்றரை மணி நேரம். ஒரே கருப்பொருளைச் சார்ந்த மூன்று நான்கு ஆவணங்களைத் தருவர். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சுருக்கினால் மதிப்பெண் வராது. ஒன்றோடொன்று பேசவிட்டு, எங்கே உடன்படுகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று ஆங்கிலத்தில் சுமார் 500 சொற்களில் எழுத வேண்டும். பிறகு ஒரு பகுதியைப் பிரெஞ்சில் தர வேண்டும். வாய்மொழித் தேர்வு 20 நிமிடம். மாணவரே திரட்டிய ஃபைல் ஒன்றை முன்வைத்து 10 நிமிடத்துக்கு மேற்போகாமல் பேச வேண்டும். மீதி நேரம் தேர்வாளரோடு உரையாடல். இதற்கு மனப்பாடமும் உதவாது, கைடும் உதவாது. "ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய்?" என்பதற்கு எந்தக் கடையிலும் நோட்ஸ் விற்பதில்லை.

தாழ்வாரத்தில் அவள் அடுக்கிக்கொண்டிருந்தது அந்த ஃபைலைத்தான். 'பயணங்கள், நிலப்பரப்புகள், எல்லைகள்' என்பதன் கீழ் வரும் குடிபெயர்வும் நாடுநீங்கலும் என்ற கிளை. எம்மா லாசரஸ் என்ற அமெரிக்கக் கவிஞர் 1883-ல் எழுதிய கவிதை அதில் இருந்தது. பிரான்ஸ் பரிசளித்த சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்ட நிதி திரட்டுவதற்காக எழுதப்பட்டது. 1903-ல் வெண்கலப் பட்டயமாக அங்கே பதிக்கப்பட்டபோது அதைக் காணக் கவிஞர் உயிரோடில்லை. 1948-ல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்கு ஆட்களை ஏற்றி வந்த 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் பற்றிய கட்டுரையும் இருந்தது. அக்காலத்தில் குழந்தைகளாக வந்தவர்கள் பலரிடம், பல பத்தாண்டுகள் வாழ்ந்த பிறகு, "நீங்கள் இந்நாட்டில் இருக்க உரிமை உண்டென்பதற்குத் தாள் எங்கே?" என்று கேட்ட விவகாரம் 2018-ல் வெடித்ததை அது விவரித்தது.

வட்டமான ஓவியம், ஃபோர்டு மேடக்ஸ் பிரௌன் 1855-ல் தீட்டி முடித்தது. இங்கிலாந்தை விட்டுப் போகும் ஓர் இளம் தம்பதி படகில் அமர்ந்திருக்கிறார்கள். பின்னால் டோவரின் வெள்ளைப் பாறைகள்; இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொப்பியின் நாடா காற்றில் பறக்கிறது. கப்பலின் ஓரத்தில் நீண்ட பயணத்துக்கான முட்டைக்கோசுகள் தொங்குகின்றன. வேலையின்றித் தவித்த ஓவியர் அப்போது இந்தியாவுக்கே குடிபெயரலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தாராம்! "குழந்தை எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள் சித்தி" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அன்னையின் சால்வைக்குள் இருந்து ஒரு சின்னஞ்சிறு கை மட்டும் அவள் விரல்களுக்குள் தெரிகிறது. முகம் இல்லை.

அந்த ஃபைலில் இன்னொன்றையும் சேர்க்க அவளுக்கு ஆசை. அவளுடைய அப்பாவைப் பெற்ற தாத்தா காரைக்காலில் பிறந்தவர். பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவோடு சட்டப்படி இணைந்த 1962-ல், அங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருந்தது. தாத்தா எழுதிக் கொடுத்தார். பின்னர் கப்பல் ஏறினார். அந்தத் தாளின் நகலை அவர் இன்றும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். ஆனால் அது பிரெஞ்சுத் தாள். ஆங்கிலப் பாடத்தின் ஃபைலில் இடமில்லை என்று ஆசிரியை சொல்லிவிட்டார். "ஃபைலில் வேண்டாம், உன் பேச்சில் இருக்கட்டும்" என்றும் அவரே சொன்னாராம்.

தேர்வு முடிந்த அன்று தொலைபேசியில் அழைத்தாள். தேர்வாளர் ஓவியத்தைக் காட்டி, "ஏன் இது?" என்று கேட்டாராம். குழந்தையின் கையைச் சுட்டிக் காட்டி, இந்தக் குழந்தைக்கு எதைப் பற்றியும் யாரும் விருப்பம் கேட்கவில்லை என்று தொடங்கி, தாத்தாவின் தாளைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் தன்னைப் பற்றியும் ஆங்கிலத்தில் முதன்முறையாகச் சொன்னாளாம். "நடுவிலே ஒரு வாக்கியம் இலக்கணத் தப்பு சித்தி" என்று வருத்தப்பட்டாள். "எவ்வளவு மார்க் வருமாம்? அதைக் கேள்!" என்று பின்னாலிருந்து அக்காளின் குரல் கேட்டது.

ஓவியத்தின் அச்சுப்படி இப்போது தாத்தாவின் அறையில் இருக்கிறது. அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவர்கள் ஊருக்குத் திரும்பினார்களா?" என்று தமிழில் கேட்டாராம்.

"படத்தில் இருப்பவர்களைப் பற்றித் தெரியாது தாத்தா" என்றாளாம் இவள். "ஆனால் ஓவியரின் சிற்பி நண்பர் ஒருவர் 1852-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். அவரை வழியனுப்பியதில் பிறந்த படம்தான் இது. அவர் மட்டும் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டார்."