காட்சிவழி நிரலாக்கமும் கோல இலக்கணமும்

முன்னுரை

எழுத்தாலான கட்டளைகளை வரிவரியாக எழுதுவதற்கு மாற்றாக, படம், கட்டம், இணைப்புக்கோடு ஆகியவற்றை அமைத்துக் கணினியை இயக்கும் முறை காட்சிவழி நிரலாக்கம் எனப்படும். கோலத்தை இத்தகைய நிரலாகக் கொள்ள இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

1963இல் ஐவன் சதர்லாந்து எம்.ஐ.டி.யில் உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்', ஒளிப்பேனாவால் திரையில் வரைய இடமளித்தது. அவருடைய தமையன் வில்லியம் சதர்லாந்து 1966இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் ஒருபடி மேலே சென்றார். வரைந்த படமே நிரலாக இயங்கலாயிற்று. 1975இல் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித் ஸ்டான்போர்டில் அமைத்த 'பிக்மேலியன்' இதற்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தது. மனிதர் உருவங்களைக்கொண்டு சிந்திக்கையில் நிரலை மட்டும் அருவக் குறிகளால் எழுத வைப்பது ஏன் என்பதே அவர்தம் வினா. பயனர் செய்துகாட்டும் படிகளைக் கணினி பதிந்துகொள்ளும் முறையை அவர் முன்வைத்தார்.

கோல இலக்கணம்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து 1974இல் அணி இலக்கணங்களையும் கோலத்தையும் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டனர். சாம்ஸ்கியின் மாற்றெழுத்து விதிகள் ஒற்றை வரியில் அமையும் தொடர்களுக்கு உரியவை. இவர்கள் அவற்றை நிரை, நிரல் என இருதிசையிலும் விரியும் அணிகளுக்கு விரித்தனர். சில விதிகளை மீண்டும் மீண்டும் செலுத்தினால் சிறு கோலம் பெருங்கோலமாக வளரும்.

ஈண்டு ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. கோல இலக்கணத்தில் விதி குறியீட்டாலானது. படம் அதன் விளைவு. காட்சிவழி நிரலாக்கத்திலோ படமே விதி. திசை நேரெதிரானது. எனவே வாசலில் காணும் கோலத்தை நிரல் என்பது மிகைக்கூற்றே. ஆயினும் கம்பிக்கோலம் இடுபவர் மனத்தில் கொண்டிருப்பது முழுப்படம் அன்று. புள்ளியை அணுகும்போது எப்பக்கம் வளைவது என்னும் நடைமுறை. புள்ளிகள் பெருகினும் அந்நடைமுறை செல்லும். நிரல் என ஒன்று உண்டெனில் அது அங்கேதான் உள்ளது.

கட்டங்களும் தமிழ்த் தொடரமைப்பும்

எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட 'ஸ்கிராட்ச்', தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் காட்சித் தொடர்பு என்னும் அலகில் இடம்பெற்றது. போடிநாயக்கனூருக்கு மேலுள்ள குரங்கணி போன்ற மலையூர்களின் மாணவர்க்கும் அதே பாடநூல்தான். பொருந்தாத கட்டங்கள் ஒட்டாமையால் நிறுத்தற்குறிப் பிழைகள் நேர்வதில்லை. ஆனால் மொழி நீங்கிவிடவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் மீதும் சொல் உள்ளது. ஆங்கிலக் கட்டத்தில் வினை முதலிலும் எண் பின்னரும் வரும். தமிழில் '10 முறை திரும்பச் செய்' என எண் முன்னும் வினை இறுதியிலும் நிற்றல் வேண்டும். நிபந்தனைக் கட்டத்தில் 'எனில்' என்பது நிபந்தனைக்குப் பின்னரே வருதலால், வெற்றிடம் சொல்லுக்கு முன்னே அமைய வேண்டும். சொற்களை மட்டும் பெயர்த்துக் கட்டத்தின் அமைப்பை அவ்வாறே விட்டுவிட்டால், தமிழ்வழி மாணவர் படிப்பது தமிழ் எழுத்தில் அமைந்த ஆங்கிலத் தொடரையே.