நாடற்றவர்களின் ஸ்தானாபதி

சென்னைக்குப் போய்வரும் புதியம்புத்தூர் அன்பர்களில் பலர் ஐகோர்ட்டுக்குச் சமீபத்திலுள்ள அரண்மனைக்காரன் தெருவில் நடந்திருப்பார்கள். அங்கே அரண்மனை ஏதும் கிடையாது. ஆர்மீனியர் என்ற பெயரே தமிழ் நாவில் அவ்வாறு உருமாறியது. 1772-ஆம் வருஷத்து ஆர்மீனியர் கோயில் இன்றும் அத்தெருவில் நிற்கிறது. உலகிலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகையாகிய 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்ததும் சென்னையில்தான். அந்நகரத்து வர்த்தகர் ஷஹாமீர் ஷஹாமீரியன், கையில் இல்லாத ராஜ்யத்திற்கு அரசியல் சட்டமே எழுதி வைத்தார்!

அந்த ராஜ்யம் 1918-ஆம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி குடியரசாகப் பிறந்தது. துருக்கி சாம்ராஜ்யத்தில் 1915 முதல் லக்ஷக்கணக்கான ஆர்மீனியர் கொல்லப்பட்டு, எஞ்சியவர் திக்குத் திசை தெரியாமல் ஓடிய காலம் அது. பாரிஸ் சமாதான மகாநாட்டில் அவெடிஸ் அஹரோனியன் குடியரசுக்காக வாதாடினார். வாஷிங்டனில் ஆர்மென் காரோ பேசினார். கீழ்த்திசையில் அப்பணியை ஏற்றவர் ஒரு ஸ்திரீ என்பதுதான் விசேஷம்.

டயானா ஆப்கார் 1859-இல் ரங்கூனில் பிறந்தவர், கல்கத்தாவில் வளர்ந்தவர். 1891-இல் கணவருடன் ஜப்பானில் குடியேறினார். 1906-இல் கணவர் காலமானார். குழந்தைகளையும் வியாபாரத்தையும் தாமே தாங்கிய அம்மாது, தம் இனத்தாரின் துயரைப் பல நூல்களில் எழுதி உலகத்தாருக்கு அறிவித்தார். 1920-இல் குடியரசு அவரை ஜப்பானில் தன் கௌரவ கான்ஸலாக நியமித்தது.

கான்ஸல் பதவி என்றால் விருந்தும் உபசாரமுமே நம் நினைவுக்கு வரும். அவருக்கோ அது வேறு விதமாக அமைந்தது. ஸைபீரியா வழியாக விளாடிவாஸ்டாக் வந்து சேர்ந்த அகதிகளிடம் பணமில்லை. செல்லத்தக்க பாஸ்போர்ட்டும் இல்லை. சொந்த சர்க்காரின் முத்திரை இல்லாதவனை எந்தத் துறைமுகம் உள்ளே விடும்? டயானா அம்மையார் ஜப்பானிய அதிகாரிகளுக்கு மனுமேல் மனு எழுதினார். அவர்களுக்குத் தாமே பொறுப்பேற்றார். தங்க இடம் தேடினார். அமெரிக்காவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார். நூற்றுக்கணக்கானவர் இவ்விதம் கரையேறினர்.

அவ்வருஷம் டிசம்பரிலேயே குடியரசு ஸோவியத் ஆட்சிக்குள் மறைந்தது. ஆகஸ்டில் கையெழுத்தான ஸெவ்ர் உடன்படிக்கை ஏட்டோடு நின்றது. 1923-இல் ஏற்பட்ட லோஸான் உடன்படிக்கையில் ஆர்மீனியாவின் பெயர்கூட இல்லை. பதவி போயிற்று, பணி போகவில்லை. கதவைத் தட்டியவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை. 1937-இல் யோகோஹாமாவில் உயிர் நீத்தார். ஆர்மீனியா மறுபடி சுதந்திரம் பெற 1991 வரை காத்திருக்க நேர்ந்தது.

நம் ஊருக்கு அருகே ஒட்டப்பிடாரத்தில் பிறந்த சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டது எதற்காக? அந்நியர் தயவின்றி நம்மவர் கடல் கடக்க வேண்டும் என்பதற்காகவே. சொந்தக் கொடியின் அருமை, பிறர் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தப்பட்டவனுக்கே நன்கு விளங்கும். பாஸ்போர்ட்டை அலமாரியில் அலட்சியமாகப் போட்டு வைத்திருக்கும் நாம், அம்முத்திரைக்காக ஏங்கி நின்றவர்களையும் அவர்களுக்குக் கதவு திறந்த அம்மையாரையும் ஒருகணம் நினைத்துப் பார்ப்போமாக.