கொதிக்கும் ஊற்றில் வாழும் மீன்

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடியோர் நம்மிற் பலர். அத்தகைய ஊற்றில் மீன் வாழுமோ? கிழக்காபிரிக்காவில் வாழ்கின்றது!

கென்யாவில், நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு பரந்த பெரும் பள்ளத்தாக்கிலே மகாடி ஏரி கிடக்கிறது. வற்றாத ஆறு எதுவும் அதிற் பாய்வதில்லை. கரையோர வெந்நீர் ஊற்றுக்களே அதன் உயிர். வெளியேற வழியின்றி நீர் ஆவியாகிவிட, சோடா உப்பு வெண்பனிபோற் படிகிறது. கண்ணாடித் தொழிலுக்கு உதவும் அச்சோடாவை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கு எடுத்து வருகின்றனர்.

அவ்வூற்று நீரிலே திலாப்பியா இனத்துச் சிறு மீனொன்று வாழ்கிறது. ஏறக்குறைய 40 பாகை செல்சியசு வெப்பத்தையும் அது தாங்கும். மீன்கள் பெரும்பாலும் உடற் கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே நீக்கும். மிகுந்த காரநீரில் அஃது இயலாமையால், இம்மீன் நம்மைப்போல் யூரியாவாக மாற்றி நீக்குகிறது. தாய்மீன் முட்டைகளை வாயினுள்ளே வைத்துக் காக்கும்.

நுளம்புகளை ஒழிக்கக் கருதி இம்மீனை 1950களில் நக்குரு ஏரியில் விட்டனர். பின்னர் மீன்பிடிக்கக் கூழைக்கடாக்கள் அங்கே கூட்டமாக வரலாயின.

இத்துணை வல்லமை பெற்ற மீனுக்கும் ஊற்றின்றி வாழ்வில்லை. நமக்கோ? ஹல்துமுல்லை மலைச்சரிவின் தோட்டத்துப் பீலிகளும் ஊற்றின் கொடையே. 2014 டிசெம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப் பாதையுள் நிலத்தடி நீர் பீறிட, பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. மீன் தன் உடலையே மாற்றிக்கொண்டது. நாம் மாற்றவேண்டியது பழக்கத்தை மட்டுமே. ஊற்றுக்கண்ணையும் அதனைச் சூழ்ந்த மரங்களையும் காப்போமாக.