லிலா பூக்காத ஊரில் பூமருது

பிரான்ஸில் இருக்கும் சித்தி வருஷா வருஷம் மே மாதம் ஒரு போட்டோ அனுப்புவார். வீட்டு வாசலில் கொத்துக் கொத்தாக வெளிர் ஊதாப் பூ. பிரெஞ்சில் லிலா, ஆங்கிலத்தில் லைலாக். அம்மாவுக்கு அதன் மேல் ஒரு கண். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில், பாகூர் வீட்டு முன்னால் அப்பா வைத்த மாமரம் சாய்ந்தது. அந்த இடம் காலியாகவே கிடந்தது. "அங்க இதை வெச்சா என்னடா?" என்றார் அம்மா.

வைக்கலாம், செடி பிழைத்தாலும் பூக்காது. ஏன் என்று தேடியதில் தெரிந்தது இது.

லைலாக்கின் சொந்த ஊர் பால்கன் மலைப்பகுதி. அடுத்த வசந்தத்துக்கான மொட்டுகளை அது முந்தைய கோடையிலேயே கட்டிவிடும். அவை குளிரில் தூங்கும். பல வாரக் குளிர் கழிந்தால்தான் விழிக்கும். நமக்கோ ஜனவரி இரவில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். என் தொழில் பாஷையில் சொன்னால், கண்டிஷன் ஒருநாளும் ட்ரூ ஆகாத லூப்.

அப்ப நமக்கு என்ன வழி? பூமருது. தாவரவியல் பெயர் லாகர்ஸ்ட்ரோமியா ஸ்பெசியோசா. லாகர்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு வணிகரின் பெயரை லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு வைத்தார். மகாராஷ்டிராவின் மாநிலப் பூ இதுதான். லைலாக்குக்குச் சொந்தமில்லை, மருதாணிக் குடும்பம். ஆனால் அதே ஊதா, அதே கொத்து. இதழ்கள் கசங்கிய க்ரேப் காகிதம் மாதிரி இருக்கும். ஆற்றோர ஈர மண்ணில் வளரும் மரம் என்பதால் பாகூர் ஏரிப் பாசனக் களிமண்ணுக்கும், வில்லியனூர் சங்கராபரணிக் கரைக்கும் பொருந்தும்.

நான் செய்தது: இரண்டடிக்கு இரண்டடி குழி, மக்கிய எரு, சுவரிலிருந்து 15 அடி தள்ளி, மேலே கரண்ட் கம்பி இல்லாத இடம். நல்ல வெயில் வேண்டும். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விடாமல் இருக்கக் கூடாது. அடியில் வைக்கோல் மூடாக்கு. ஐந்தாம் வருஷம் பூத்தது.

ஆறாம் வருஷம் நான் சொதப்பினேன். ஏப்ரலில் 'ஷேப்' பண்ணுகிறேன் என்று எல்லாத் துளிரையும் வெட்டினேன். அந்தக் கோடையில் ஒரு பூ இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காலையில் கோலம் போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார், அவ்வளவுதான்.

காரணம் எளிது. லைலாக் பூப்பது போன வருஷக் கிளையில், அதனால் அதைப் பூ முடிந்தவுடன் வெட்டுவார்கள். பூமருது பூப்பது புதுத் துளிரின் நுனியில். இலை உதிர்ந்து நிற்கும் ஜனவரி, பிப்ரவரியில்தான் கத்தி வைக்க வேண்டும். அதுவும் காய்ந்தது, உரசுவது மட்டும் போதும்.

இன்னொன்று. 'பெர்ஷியன் லைலாக்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மலைவேம்பு வகை, பழம் விஷம். குழந்தைகள், ஆடு மாடு இருக்கும் வீட்டில் யோசித்து வையுங்கள்.

இந்த மே மாதம் சித்திக்கு முதலில் போட்டோ அனுப்பியது அம்மா.